எண்ணூறு சொல்லுக்கு ஒரு பயணம்: கைடு புத்தகம் போடுகிறவர்களுக்கு எழுத்துப் போட்டி எதற்கு?

என்னிடம் எத்தியோப்பியாவைப் பற்றி ஒரு கைடு புத்தகம் இருக்கிறது. நான் எத்தியோப்பியா போனதில்லை, போகும் உத்தேசமும் இப்போதைக்கு இல்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை மடங்கிக் கிடந்ததைப் பேரம் பேசி வாங்கினேன் என்றால் அதற்குக் காரணம் பெரியப்பா. அவர் 1971 முதல் ஏழு வருஷம் அங்கே ஜிம்மா என்ற ஊரில் கணக்கு வாத்தியார். பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்தார்கள், கேரளத்துக்காரர்கள் நிறைய, நம் ஆட்களும் உண்டு. பெரியப்பா போன மூன்றாவது வருஷம் புரட்சி வந்து பேரரசரையே இறக்கிவிட்டார்கள். இவர் மட்டும் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

ஜிம்மாவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் புத்தகத்தைப் பிரித்தேன். அப்புறம் வைக்க முடியவில்லை. எந்த விடுதியில் தண்ணீர் வரும், எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதெல்லாம் இருந்தது, சரி. ஆனால் அதற்கு நடுவே ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தது, பிடிக்காதது, எரிச்சல், கேலி எல்லாம் வரிக்கு வரி தெரிந்தது. எழுதியவர் ஃபிலிப் பிரிக்ஸ், முதல் பதிப்பு 1995, வெளியிட்டது இங்கிலாந்தின் பிராட் பதிப்பகம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போய் அவர்களுடைய மின்மடலுக்குப் பதிவு செய்துவைத்தேன். புதுப் புத்தகம், தள்ளுபடி, எழுத்தாளர் எவராவது எங்கேயாவது மாட்டிக்கொண்ட கதை, நடுநடுவே எழுத்துப் போட்டிக்கான அழைப்பு, பிறகு நெடும்பட்டியல், குறும்பட்டியல், ஜெயித்தவர் கட்டுரை.

எனக்கு முதலில் புரியாதது இந்தப் போட்டிதான். சமையல் பாத்திரம் விற்கிறவர் சமையல் போட்டி வைத்தால் காரணம் தெரிகிறது. கைடு புத்தகம் போடுகிறவர் பயணக் கட்டுரைப் போட்டி வைப்பதில் ஒரு முரண் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் நேரெதிர் எழுத்து. கைடு புத்தகத்தில் "நான்" அடக்கி வாசிக்க வேண்டும், அங்கே போகப்போகும் இன்னொருவருடைய சௌகரியம்தான் முக்கியம். போட்டிக் கட்டுரையிலோ போய்வந்த "நான்" இல்லாவிட்டால் எதுவுமே இல்லை, பஸ் நேரம் எழுதினால் நடுவர் முதல் பத்தியிலேயே தூக்கிப் போடுவார். அப்படியிருக்க வருஷக்கணக்கில் ஏன் இதை விடாமல் நடத்தினார்கள்? என் பதில் இதுதான்: அந்தப் பதிப்பகம் விற்றதே ஆள் பேசும் குரலைத்தான், மின்மடலும் போட்டியும் அந்தக் குரல்களைத் தேடி வைத்த வலை. அதை எப்படிச் செய்தார்கள், எங்கே அடி வாங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

படகில் தட்டச்சு செய்த புத்தகம்

1974. ஹிலரி பிராட் என்ற ஆங்கிலேயப் பெண், தொழில்வழி மறுவாழ்வுச் சிகிச்சையாளர். கணவர் ஜார்ஜ் பிராட், அமெரிக்கர். இருவரும் முதுகுப் பையோடு தென்னமெரிக்காவில் சுற்றியபோது பெருவிலும் பொலிவியாவிலும் பழைய இன்கா பாதைகளில் நடந்தார்கள். அந்தப் பாதைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கையடக்கமாக எதுவும் இல்லையே என்று தாங்களே எழுதினார்கள். அமேசானின் கிளை நதி ஒன்றில் சரக்குப் படகில் மிதந்துகொண்டே தட்டச்சு செய்த புத்தகம் அது என்று இன்றைக்கும் பதிப்பகம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்திய முதல் கைடு புத்தகங்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அந்தப் பாதையில் சுமைதூக்கிகள், வழிகாட்டிகள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். எழுதினவர்களுக்கு அதில் பெருமையா வருத்தமா என்று கேட்டால் இரண்டும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பதி பிற்பாடு பிரிந்துவிட்டார்கள். ஹிலரி இங்கிலாந்திலிருந்து பதிப்பகத்தைத் தானே நடத்தினார். பெரிய கம்பெனிகள் ஸ்பெயின், இத்தாலி, தாய்லாந்து என்று ஆள் அதிகம் போகும் இடங்களைப் பிடித்துக்கொண்டபோது இவருக்கு மிச்சமிருந்தது யாரும் போகாத இடங்கள். மடகாஸ்கருக்கு 1988இல் அவரே எழுதினார். ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து ஏழே வருஷத்தில், 2001இல், அந்த நாட்டுக்கு ஒரு கைடு வந்தது. வட கொரியாவுக்கு 2003. கொசோவோ தனி நாடாக அறிவித்துக்கொண்டது 2008 பிப்ரவரியில், இவர்கள் புத்தகம் அதற்கு முன்பே தயார். உலக நாடுகள் அங்கீகரிக்காத சோமாலிலாந்துக்கு 2012இல் தனிப் புத்தகம், எழுதியவர் நம் பிரிக்ஸ்தான். 2008இல் ஹிலரிக்கு பிரிட்டிஷ் அரசு எம்பிஇ விருது கொடுத்தது.

இங்கே வியாபாரக் கணக்கைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து கைடு என்றால் லட்சக்கணக்கில் விற்கும், ஐந்தாறு பேரை அனுப்பிப் பகுதி பகுதியாக எழுதவைத்து ஒரே நடையில் தைத்துவிடலாம். சோமாலிலாந்துக்கு அப்படி முடியாது. ஒரே ஆள் போக வேண்டும், அவருக்குப் பெரிய தொகை கொடுக்க முடியாது, எனவே அந்த இடத்தின் மேல் பைத்தியமாக இருக்கிற ஆளாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரே ஆள் எழுதுவதால் புத்தகத்தில் அவர் வாடை அடிக்கும், அந்த வாடைக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நான் ஒரு உதாரணம். ஆனால் அப்படி ஒரு ஆளை எங்கே போய்த் தேடுவது? வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தா?

வாசகர் கடிதம் என்ற பழைய வித்தை

இதற்கான விடை கைடு புத்தகத் தொழிலுக்கு ஏறத்தாழ இருநூறு வருஷமாகவே தெரியும். லண்டனில் ஜான் மரே 1836இல் ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி பற்றித் தன் முதல் கையேட்டைப் போட்டார். ஜெர்மனியில் அதே காலத்தில் கார்ல் பேடெக்கர். மிலான் தேவாலயத்துப் படிகளை எண்ணும்போது கணக்குத் தப்பாமல் இருக்க, இத்தனை படிக்கு ஒரு பட்டாணி என்று பையிலிருந்து பையாக மாற்றிக்கொண்டே ஏறினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவ்வளவு துல்லியம் பார்த்தவர்கள் இருவருமே முன்னுரையில் ஒரு வேண்டுகோளை வைத்தார்கள்: பயணிகளே, தப்பு கண்டால் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த பதிப்பில் திருத்துகிறோம். இதே மரே நிறுவனம்தான் 1859இல் ஈஸ்ட்விக் என்பவரை எழுதவைத்து சென்னை, பம்பாய் மாகாணங்களுக்கும் கையேடு போட்டது. நம் ஊர் சத்திரமும் பங்களாவும் அப்படித்தான் மரேயின் கைடு புத்தகத்தில் ஏறின.

நம் காலத்துப் பெரிய கைடு புத்தகக் கம்பெனிகளான லோன்லி பிளானட்டும் ரஃப் கைட்ஸும் இதை அப்படியே தொடர்ந்தன. எழுதி அனுப்பிய வாசகர் பெயர்களை அடுத்த பதிப்பின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாக அச்சடித்தார்கள், உருப்படியான கடிதங்களுக்கு ஒரு புத்தகம் இலவசம். அந்தப் பெயர் வரிசையை நான் உட்கார்ந்து படித்திருக்கிறேன், தமிழ்ப் பெயர் ஏதாவது வருகிறதா என்று! ஒரு புத்தகத்தின் விலையில் ஆயிரம் சோதனை ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்வது சாமானிய யோசனை இல்லை. பிராட் புத்தகங்களிலும் தகவல் திருத்தம் அனுப்பச் சொல்லித் தனியாக வேண்டுகோள் இருக்கும், வந்தவற்றை இணையத்தில் அவ்வப்போது போட்டுவிடுவார்கள்.

ஆனால் வாசகர் கடிதத்துக்கு ஒரு எல்லை உண்டு. "அந்த விடுதி மூடிவிட்டது" என்று எழுதுகிறவர் தகவல் தருகிறார், அவருக்கு எழுத வருமா என்பது அதில் தெரியாது. நாற்பது கடிதம் எழுதியவரிடம்கூட ஒரு நாட்டை ஒப்படைக்க முடியாது. ஒரு ஊரைப் பார்த்து அதை இன்னொருவர் மனதில் எழுப்பிக் காட்டத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்க வேறு வலை வேண்டும்.

பத்திரிகைகளுக்கு இது முன்பே தெரியும். இளம் வயதில் இறந்துபோன எழுத்தாளர் ஷிவா நைபால் நினைவாக லண்டனின் ஸ்பெக்டேட்டர் வார இதழ் ஒரு பரிசு வைத்தது. தனக்கு அந்நியமான ஒரு சமூகத்தைக் கூர்ந்து பார்த்து எழுதும் கட்டுரைக்கானது. 1987இல் முதல் பரிசு வாங்கியவர் சவூதியின் ஜெட்டாவில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த ஹிலரி மான்டல். பிற்பாடு இரண்டு முறை புக்கர் வாங்கினாரே, அவரேதான். பரிசு கொடுத்த கையோடு அந்த இதழ் அவரைத் தன் சினிமா விமர்சகராகவும் எடுத்துக்கொண்டது. போட்டி வைத்தார்கள், ஆள் கிடைத்தார். இன்னொரு பக்கம் டெலிகிராஃப் நாளிதழ் வாரந்தோறும் 500 சொல் பயணக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது. ஜெயித்தவருக்கு 200 பவுண்டு, தான் விரும்பும் நாட்டுப் பணமாக. அதில் பத்திரிகைக்கு லாபம், வாரம் ஒரு பத்தி கிட்டத்தட்ட ஓசியில் நிரம்பிவிடும்.

போட்டி நடந்த விதம்

பிராட் பல வருஷம் இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே என்ற ஞாயிறு இதழோடு சேர்ந்து இந்தப் போட்டியை நடத்தியது. வருஷம் ஒரு தலைப்பு. 800 சொல்லுக்குள் கட்டுரை. இதுவரை எதையும் வெளியிடாதவர்களுக்கென்று தனியாக ஒரு பரிசு. முதல் பரிசாகக் கையில் காசு தருவதைவிட ஒரு பயணத்தையும் அதைப் பற்றி அந்த இதழில் எழுதும் வாய்ப்பையும் வைத்தார்கள். இதில்தான் சாமர்த்தியம். 2,000 பவுண்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்குச் சலவை இயந்திரம் வாங்கிவிடுவார். பயணத்தையும் பத்திரிகைப் பக்கத்தையும் கொடுத்தால் அவர் இன்னொரு கட்டுரை எழுதியே ஆக வேண்டும், கெடு வைத்து, ஆசிரியர் கையில் அடி வாங்கி. முதல் கட்டுரை தற்செயலாக நன்றாக வந்ததா, ஆளுக்கு உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்பது அந்த இரண்டாவது கட்டுரையில் தெரிந்துவிடும்.

மூவருக்கும் இதில் ஆதாயம். பத்திரிகைக்குப் பக்கம் நிறைந்தது, பயணம் ஏற்பாடு செய்கிறவருக்கு விளம்பரம், பதிப்பகத்துக்கு எழுதத் தெரிந்த, ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்த ஆட்களின் பட்டியல். ஜெயித்தவர்கள் மட்டும் இல்லை, நெடும்பட்டியலில் வந்தவர்களும் அதில் உண்டு. பின்னாளில் பிராட் பயணக் கட்டுரைத் தொகுப்புகளும் பயண இலக்கியமும் போட ஆரம்பித்தபோது இந்த வயலிலும் அறுவடை நடந்தது.

மாத மின்மடலின் வேலையும் இங்கேதான் புரிகிறது. கைடு புத்தகம் வாங்குகிறவர் விசித்திரமான வாடிக்கையாளர். நாவல் வாசகர் அடுத்த நாவலுக்கு வருவார். கைடு வாங்கினவர் மடகாஸ்கர் போய்விட்டு வந்ததும் புத்தகத்தை அலமாரியில் செருகிவிடுவார், அடுத்த பயணம் மூன்று வருஷம் கழித்து வேறு கண்டத்துக்கு, அதற்குள் பதிப்பகத்தின் பெயரே மறந்திருக்கும். அந்த மூன்று வருஷ இடைவெளியை நிரப்ப மடல் வேண்டும். மடலில் வெறும் விற்பனை இருந்தால் இரண்டாவது மாதமே குப்பைக்குப் போகும், ஆனால் குறும்பட்டியல் வரப்போகிறது என்றால், அதில் தன் பெயர் இருக்குமோ என்றால், யாருமே திறக்காமல் விடமாட்டார்கள். பரிசு கிடைக்காத நூறு பேரும் மடலைத் திறந்து ஜெயித்த கட்டுரையைப் படித்து "இதைவிட நம்முடையது என்ன குறைந்துபோச்சு" என்று பொருமுவார்கள். பொருமினாலும் படித்துவிட்டார்கள் இல்லையா.

பெரியப்பாவின் இரண்டு மணி

ஒரு போட்டியில் நாங்களும் கலந்துகொண்டோம். பிராட் போட்டி இல்லை, வேறொன்று, பெயர் வேண்டாம். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதி, ஆங்கிலத்தில் ஆக்கி, அவர் பெயரில் அனுப்பினேன். நுழைவுக் கட்டணம் 15 பவுண்டு. விதிகளைக் கடைசி வரை படிக்காதது என் தப்பு. தோற்ற கட்டுரை உட்பட வந்த எல்லாவற்றின் உரிமையும் தங்களுக்கே என்று பதினோராவது விதியில் போட்டிருந்தார்கள், பணம் கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. இப்போது எந்தப் போட்டி அறிவிப்பு வந்தாலும் பரிசுத் தொகைக்கு முன்னால் உரிமை யாருக்கு என்ற வரியைத் தேடிப் படிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கட்டணம் வாங்கி, உரிமையையும் வாங்கிக்கொண்டால் அது போட்டி நடத்துகிற வேலை இல்லை, கொள்முதல்.

எதுவும் வரவில்லை. நெடும்பட்டியலில்கூட இல்லை. பெரியப்பா மட்டும் மாதத்துக்கு ஒரு முறை போன் போட்டு "என்னடா, ரிசல்ட் வந்துச்சா" என்பார். "இல்ல பெரியப்பா, இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று எத்தனை நாள்தான் ஓட்டுவது? கடைசியில் சொல்லிவிட்டேன். "சரி விடு, பேப்பர் திருத்தறவனுக்கு அன்னிக்குத் தலைவலியா இருந்திருக்கும்" என்றார், முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவர் இல்லையா.

தலைவலி இல்லை. பிராட் மடல்களில் வந்த பரிசுக் கட்டுரைகளைப் படித்த பிறகு எங்கள் கட்டுரையை எடுத்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. முதல் பத்தி எத்தியோப்பியாவின் பழம்பெருமை. இரண்டாவது காப்பியின் பிறப்பிடம். மூன்றாவது ஹெய்லி செலாசி. நாலாவது 1974 புரட்சி. ஐந்தாவதில் ஜிம்மா வந்தது, ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும், அந்தக் காலத்து ஜிம்மா மன்னர் அப்பா ஜிஃபாரின் மர அரண்மனையோடு. ஆறாவது பத்தியில்தான், அதுவும் நடுவில், அந்த ஒரு விஷயம் இருந்தது.

எத்தியோப்பியாவில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்கும். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நம் எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. நம்மூரில் பழைய ஆட்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள் இல்லையா, அந்த மாதிரி. பெரியப்பாவுக்கு இது தெரியாது. முதல் நாள் "இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம்" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்ப, இவர் காலையில் நிதானமாகக் குளித்து, வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றிருக்கிறார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எட்டு மணியிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்களாம். புது வாத்தியார் வருவார் என்று யாரும் எழுந்து போகவில்லையாம். இவர் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றிருக்கிறார்கள். இவருக்கு அந்த நேரம் விஷயமே புரியவில்லை. எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாராம்.

இதுதான் கட்டுரை. இதை வைத்து ஆரம்பித்து இதிலேயே முடித்திருக்க வேண்டும். 800 சொல்லில் புரட்சிக்கும் பேரரசருக்கும் இடம் கிடையாது, அவை கைடு புத்தகத்தில் "வரலாறு" என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே இருக்கின்றன. நாங்கள் செய்தது என்னவென்றால், கைடு புத்தகத்தின் பின்னணி அத்தியாயத்தைச் சுருக்கி எழுதி, நடுவில் ஒரு மனிதனைக் கொஞ்ச நேரம் நடமாட விட்டோம். தகவலைக் கொட்டினால் நமக்கு விஷயம் தெரியும் என்று நடுவர் நினைப்பார் என்ற பயம், பரீட்சை எழுதியே பழகின நமக்கு அது லேசில் போகாது.

சொல் கணக்கிலும் சறுக்கினோம். தமிழில் எழுதியபோது கட்டுரை 570 சொல்தான், நிறைய இடம் இருக்கிறது என்று நினைத்து அந்த அப்பா ஜிஃபார் பத்தியைச் சேர்த்தேன். ஆங்கிலத்தில் ஆக்கினால் 860! "போய்க்கொண்டிருந்தவரிடம்" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் ஏழெட்டுச் சொல்லாகப் பிரிக்கிறார்கள். அறுபது சொல்லைக் குறைக்க நான் வெட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் எழுந்து நின்றதை.

அச்சு நின்றபோது

பதிப்பகத்தின் கதைக்கு வருகிறேன். 2016 மார்ச்சில் இண்டிபெண்டன்ட் குழுமம் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. ஞாயிறு இதழின் கடைசிப் பிரதி மார்ச் 20, நாளிதழின் கடைசிப் பிரதி மார்ச் 26. போட்டியின் பரிசே அந்த இதழின் பக்கம்தான் என்னும்போது, பக்கமே போய்விட்டால் போட்டி என்னாவது? விட்டுவிட்டுப் போக நல்ல சாக்கு, ஆனால் பிராட் விடவில்லை. லண்டனில் 1853 முதல் வரைபடம் விற்கிற ஸ்டான்ஃபோர்ட்ஸ் கடை பயண நூல்களுக்கென்று எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் பெயரில் விருது வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதில் புதிய பயண எழுத்தாளருக்கான விருதாகப் பிராட் போட்டி ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே "புதிய" என்ற சொல் ஏறியது. எனக்கு இது சின்ன மாற்றமாகப் படவில்லை. ஏற்கெனவே பேர் வாங்கினவர்களை மேடை ஏற்றுவதற்கு ஆயிரம் விருது இருக்கிறது, ஆள் தேடும் பதிப்பகத்துக்கு அவர்கள் தேவையும் இல்லை.

அந்த வருஷங்களில் தொழில் இருந்த நிலையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது ஏதோ நல்ல மனசுக்காரர்கள் கதையாகிவிடும். லோன்லி பிளானட்டை பிபிசியின் வணிகப் பிரிவு 2007லும் 2011லுமாக இரண்டு தவணையில் 13 கோடி பவுண்டு கொடுத்து வாங்கி, 2013இல் 5.15 கோடிக்கு விற்றது. ஐந்து டாலரில் ஐரோப்பா சுற்றலாம் என்று 1957இல் எழுதி ஆரம்பித்த ஆர்தர் ஃபிராமரின் நூல்வரிசையை கூகுள் 2012இல் வாங்கியது, அடுத்த வருஷமே அவரிடமே திருப்பிக் கொடுத்தது. விடுதி, விலை, பஸ் நேரம் எல்லாம் போனில் சும்மா கிடைக்கத் தொடங்கிவிட்ட காலம். தகவலை விற்றவர்கள் தகவல் இலவசமானதும் தடுமாறினார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால், 2008இல், லோன்லி பிளானட்டின் கொலம்பியா புத்தகத்தில் பங்களித்த ஒருவர் தான் கொலம்பியாவுக்கே போகவில்லை என்று சொல்லி ஒரு பரபரப்பு. வரலாறு, பண்பாடு போன்ற பகுதிகளைத்தான் அவரிடம் கொடுத்தோம், அதற்குப் போக வேண்டிய அவசியமில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பல பேர் எழுதித் தைத்த புத்தகத்தில் எந்த வரியை யார் போய்ப் பார்த்து எழுதினார் என்று வாசகனுக்கு எப்படித் தெரியும்? பிரிக்ஸ் புத்தகத்தில் அந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. அந்த எரிச்சலை வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது.

பிறகு 2020. உலகமே வீட்டுக்குள். கைடு புத்தகத்தை யார் வாங்குவார்கள்? சிறிய பதிப்பகம் மூழ்குவதற்கு ஆறு மாதம் போதும். பிராட் வாசகர்களிடம் நேரடியாகக் கை நீட்டியது, பேட்ரியான் என்ற இணையதளம் வழியாக மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்துத் துணை நிற்கச் சொன்னது. வாசகர்கள் கொடுத்தார்கள். எங்குமே போக முடியாத காலத்தில், போவதற்கான புத்தகம் போடுகிறவர்களுக்குக் காசு! இதை வேறு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மாதாமாதம் மடல் படித்து, கட்டுரை எழுதித் தோற்று, பொருமி, மறுபடி எழுதின கூட்டம் ஒன்று அதற்கு முன்பே சேர்ந்திருந்தது என்பதுதான் என் கணிப்பு. பதிப்பகம் பிழைத்தது, 2024இல் ஐம்பது வருஷம் நிறைந்தது.

குறை இல்லையா என்றால் உண்டு. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள், விடுமுறை எடுத்து ஊர் சுற்ற வசதி உள்ளவர்கள்தான் இந்த மாதிரிப் போட்டிகளில் பெரும்பாலும் புழங்குகிறார்கள். வேலைக்காகவோ பிழைப்புக்காகவோ அந்நிய ஊரில் போய்க் கிடந்தவர்களின் பயணம் பயணமாகவே கணக்கில் வருவதில்லை. பெரியப்பா ஏழு வருஷம் இருந்த ஊரில் கைடு எழுதியவர் சில நாள் தங்கியிருப்பார். ஆனால் அதற்காகப் பெரியப்பா நல்ல கைடு எழுதியிருப்பார் என்றும் சொல்ல மாட்டேன், அவருக்கு ஜிம்மாவில் எந்த விடுதியின் பெயரும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த எத்தியோப்பியா புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜிம்மா பக்கங்களை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்பு. வரைபடத்தில் ஒரு தெருவுக்கு அம்பு போட்டு "இங்கே மலையாளத்து டீச்சர் வீடு" என்று எழுதியிருந்தார். சந்தை பற்றிய வரிக்குப் பக்கத்தில் "வியாழக்கிழமை. மழை". பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் புத்தகத்தில் ஒன்றுமே போடவில்லை, அங்கே ஒரு சிறு கட்டம் வரைந்து உள்ளே "2 மணி" என்று மட்டும்.

"இதெல்லாம் அவங்களுக்கு எழுதிப் போடுடா, திருத்திக்கட்டும்" என்றார்.